எந்த விமானம் ஒசத்தி?

(மைசூரு கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் செயலாளர் போன் பண்ணி, "போன கூட்டத்தில் டாக்டர் மூட்டுவலி பற்றிப் பேசினார். அதற்கு முந்தினதில் வக்கீல் உயில் எழுதுவது பற்றிப் பேசினார். இந்தத் தடவை நீங்க உங்க பிளேன் விஷயத்தைப் பேசுங்கோ, கொஞ்சம் மாறுதலா இருக்கும்" என்றார். மாறுதலாக இருக்கும் என்பதற்கு மட்டும்தான் நான் பொறுப்பு.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் விமானி இல்லை. பெங்களூரில் விமான என்ஜின் பிரிவில் 1973லிருந்து 2009 வரை வேலை பார்த்தவன். என்ஜினைப் பிரித்து, துடைத்து, அளந்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி, டெஸ்ட் பெட்டில் ஓடவிட்டு அனுப்புகிற வேலை. ஓய்வு பெற்றதும் மைசூரு வந்து சரஸ்வதிபுரத்தில் தங்கிவிட்டேன். தினம் காலையில் குக்கரஹள்ளி கெரேயைச் சுற்றி நடக்கிறவர்களில் எங்கள் கோஷ்டி ஒன்று உண்டு. ஏர்ஃபோர்ஸில் நாட் விமானங்களைப் பராமரித்த ஒரு மாமா, பாங்க்கில் ஓய்வு பெற்று விமானப் புஸ்தகங்களாக வாங்கிக் குவிக்கும் ஒருவர், காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த ஒரு கன்னட நண்பர், அப்புறம் அடியேன். இந்த நாலு பேரும் சேர்ந்தால் மூன்றாவது சுற்றுக்குள் சண்டை வந்துவிடும். எல்லாம் விமானச் சண்டைதான்.

2025 நவராத்திரியில் எங்கள் வீட்டுக் கொலுவில் பேரன் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஏரோடிரோம் வைத்தான். ஸ்பிட்ஃபயர், நாட், மிக்-21, தேஜஸ் என்று வரிசையாக பிளாஸ்டிக் மாடல்கள். மாருத் மாடல் கடையில் கிடைக்கவில்லை. அட்டையில் வெட்டி ஒட்டினோம். செப்டம்பர் 26ம் தேதி, நவராத்திரி ஐந்தாம் நாள், சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்த நிகழ்ச்சி டி.வி.யில் வந்துகொண்டிருந்தது. 1963ல் இதே சண்டிகரில் சேவைக்கு வந்த விமானம், 62 வருஷம். சுண்டலுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் டி.வி. முன்னால் நின்றுவிட்டார்கள். அப்போது பேரன் கேட்டான்: "தாத்தா, இதுல எது ஒசத்தி?"

அவன் கேட்டதில் தப்பில்லை. குழந்தைகள் டிரம்ப் கார்டு என்று ஒரு சீட்டு விளையாடுகிறார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விமானம், கீழே வேகம், உயரம், எடை, குண்டு சுமக்கும் சக்தி. எவன் சீட்டில் எண் பெரிதோ அவன் ஜெயித்தான். அதையேதான் எங்கள் பாங்க் மாமாவும் செய்கிறார். ஸ்பிட்ஃபயர் மணிக்கு சுமார் 600 கிலோமீட்டர், மிக்-21 ஒலியைப் போல இரண்டு மடங்கு, ஆகவே மிக்-21 ஒசத்தி என்பார். இப்படிப் பார்த்தால் புதிதாக வருகிற எதுவுமே பழையதைவிட ஒசத்திதான். அதைச் சொல்ல புஸ்தகம் எதற்கு, காலண்டர் போதுமே.

இந்த ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலின் செய்துகொண்டார். எதற்காக? மைக் வசதி இல்லாத காலத்தில் பெரிய சபையின் கடைசி வரிசைக்கும் நாதம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. இன்றைக்கு மைக் வைத்து வாசிக்கும் ஒருவரை அவரோடு சத்தத்தில் ஒப்பிட்டால் அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா? அவர் எந்தச் சபையில், எந்த வசதியோடு வாசித்தார் என்று முதலில் கேட்க வேண்டும். விமானத்துக்கும் அதே கேள்விதான். எந்த வேலைக்காகச் செய்தார்கள், எதிரில் யார் இருந்தார்கள், அதை ஓட்டுகிறவனுக்கும் பராமரிக்கிறவனுக்கும் நாம் என்ன கொடுத்தோம்?

முதலில் ஸ்பிட்ஃபயர். அது வெள்ளைக்காரன் விமானம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் 'மைசூர் ஸ்க்வாட்ரன்' என்றே ஒன்று இருந்தது. 129வது எண். 1941 ஜூனில் இங்கிலாந்தில் ஆரம்பித்தார்கள். மைசூர் சமஸ்தானம் கொடுத்த பணத்தில் வாங்கிய ஸ்பிட்ஃபயர்கள். அந்த ஸ்க்வாட்ரனின் சின்னம் என்ன தெரியுமா? நம்ம கண்டபேருண்டம்! இங்கே அரண்மனையிலும், கர்நாடக அரசு முத்திரையிலும் பார்க்கிற அதே இரட்டைத் தலைப் பட்சி, இங்கிலாந்தின் மேகத்தில் பறந்திருக்கிறது. பின்னால் மஸ்டாங் விமானங்களுக்கு மாறி, 1944ல் ஜெர்மனி ஏவிய ஆளில்லாத பறக்கும் குண்டுகளைத் துரத்தி வீழ்த்தியது. மைசூரில் பிறந்து வளர்ந்த பலருக்கே இது தெரியாது.

அதே காலகட்டத்தில் மைசூர் ராஜ்யம் இன்னொரு காரியமும் செய்தது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை ஆரம்பித்தபோது, சமஸ்தானம் நிலமும் கொடுத்து, பங்குதாரராகவும் சேர்ந்தது. மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்த நேரம். 1941 ஆகஸ்டில் ஹார்லோ என்ற பயிற்சி விமானத்தையும், 1942 ஜூலையில் கர்டிஸ் ஹாக் என்ற சண்டை விமானத்தையும் அங்கே பூட்டிப் பறக்கவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலைதான் இன்றைய எச்.ஏ.எல். என் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த நிலத்தில்தான் என்பதால் சமஸ்தானத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு.

இப்போது என் சொந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆர்ஃபியஸ் என்று ஒரு ஜெட் என்ஜின். இங்கிலாந்தில் ஸ்டான்லி ஹூக்கர் என்ற மேதையின் குழு வடிவமைத்தது. சின்னது, எளிமையானது, பிரித்துப் பூட்ட சௌகரியமானது. பெங்களூரில் லைசென்ஸ் வாங்கித் தயாரித்தோம். இந்த ஒரே குடும்பத்து என்ஜின் மூன்று விமானங்களில் உட்கார்ந்தது. நாட், மாருத், கிரண் மார்க் 2. சூர்யகிரண் சாகசக் குழு 1996ல் ஆரம்பித்தது இந்தக் கிரண் மார்க் 2 விமானங்களில்தான். 2023 தசராவில் பன்னிமண்டபத்தில் நீங்கள் பார்த்த சூர்யகிரண் வேறு, அது ஹாக்.

ஒரே என்ஜின், ஆனால் நாட் பெயர் வாங்கியது, மாருத் பெயர் கெட்டது. ஏன்? இங்கே கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாட் என்றால் கொசு மாதிரி ஒரு பூச்சி. பெட்டர் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. சண்டை விமானங்கள் வருஷா வருஷம் கனத்துக்கொண்டும் விலை ஏறிக்கொண்டும் போகின்றன, சின்னதாக ஒன்று செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினார். நீளம் 8.74 மீட்டர், நம் சிட்டி பஸ்ஸைவிடக் குறைவு. இறக்கை முனைக்கு முனை 6.73 மீட்டர். சண்டைக்குக் கிளம்பும்போது எடை சுமார் 4 டன். அதற்கு ஒரு ஆர்ஃபியஸ், 2 டன்னுக்குச் சற்று மேல் தள்ளும். மாருத்தில் இரண்டு ஆர்ஃபியஸ், சேர்ந்து 4.4 டன். ஆனால் முழுச் சுமையோடு மாருத்தின் எடை கிட்டத்தட்ட 11 டன். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்கூட்டர் என்ஜின் இரண்டைச் சேர்த்து அம்பாசிடரில் வைத்த கதை.

மாருத்தை வடிவமைத்தவர் சாமானியர் இல்லை. கர்ட் டாங்க், இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மனியின் ஃபோக்கெ-வுல்ஃப் 190 விமானத்தைக் கொடுத்தவர். 1956ல் இந்தியாவுக்கு வந்தார். 1961 ஜூன் 17ல் சுரஞ்சன் தாஸ் மாருத்தை முதல் முறையாகப் பறக்கவிட்டார். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் என்பது திட்டம். அதற்கு ஆர்ஃபியஸின் பலசாலித் தம்பி ஒன்று, 12ம் எண் வகை, வர வேண்டியிருந்தது. பிரிட்டன் அதைக் கைவிட்டது. பணம் போட்டு முடித்துக்கொள்ள நம் அரசாங்கமும் முன்வரவில்லை. பிறகு எகிப்தில் செய்துகொண்டிருந்த ஒரு என்ஜினை மாருத்தில் பொருத்திப் பார்த்தார்கள், அதுவும் நடுவில் நின்றது. கடைசி வரை சாதாரண ஆர்ஃபியஸ்தான். ஒலியின் வேகத்தை எட்டிப் பிடிப்பதே பாடாக இருந்தது. மொத்தம் 147 மாருத் செய்தோம். 1970 ஜனவரி 10ல் ஒரு மாருத் சோதனை விமானத்தில் குரூப் காப்டன் தாஸ் உயிரிழந்தார். பெங்களூரில் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டுக்குப் போகிற சுரஞ்சன் தாஸ் ரோட்டில் உங்களில் பலபேர் டிராஃபிக்கில் நின்று சலித்திருப்பீர்கள். அந்தப் பெயர் இவருடையதுதான்.

சரி, மாருத் தோல்விதானே என்றால் எங்கள் ஏர்ஃபோர்ஸ் மாமாவுக்குக் கோபம் வந்துவிடும். "ஓய், 71ல ராஜஸ்தான்ல அது செஞ்ச வேலையைப் பார்த்துட்டுப் பேசும்" என்பார். நியாயம்தான். 1971 யுத்தத்தில் தரைப்படைக்கு உதவியாகத் தாழப் பறந்து தாக்கும் வேலையைக் கொடுத்தார்கள். இரண்டு என்ஜினில் ஒன்று அடிபட்டும் மற்றொன்றில் வீடு திரும்பிய மாருத்கள் உண்டு. ஆகாயச் சண்டையில் ஒரு மாருத்தைக் கூட எதிரி வீழ்த்தவில்லை. டிரம்ப் கார்டில் தோற்ற விமானம், கொடுத்த வேலையில் தோற்கவில்லை.

நாட் பற்றியும் ஒரு பக்கமாகவே பேசக் கூடாது. 1965ல் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து அது 'சேபர் சம்ஹாரி' என்று பேர் வாங்கியது. சின்னதாக இருந்ததால் எதிரி கண்ணுக்கே படாது, சட்டென்று மேலே ஏறும். ஆனால் பீரங்கி அடைத்துக்கொள்ளும். ஏற்ற இறக்கக் கட்டுப்பாட்டில் கோளாறு. இதையெல்லாம் மாமாவே சொல்வார், ஏனென்றால் ராத்திரி முழுக்க டார்ச் அடித்து அதைச் சரி பண்ணியவர் அவர். 1965 செப்டம்பர் 3ம் தேதி ஒரு நாட் பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுபாதையில் இறங்கி அவர்கள் கையில் சிக்கியது. இன்றும் கராச்சி மியூசியத்தில் நிற்கிறது. 1971 டிசம்பர் 14ல் ஸ்ரீநகரில் 18வது ஸ்க்வாட்ரனின் நிர்மல்ஜித் சிங் செகோன் ஒரே ஒரு நாட்டில் ஆறு சேபர்களோடு மோதி வீரமரணம் அடைந்தார். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. அந்த 18வது ஸ்க்வாட்ரன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

எங்கள் கோஷ்டியில் இதுவரை யாரும் பதில் சொல்ல முடியாத ஒரு கதை இருக்கிறது. இது நமக்குப் பக்கத்து ஜில்லாக் கதை. குடகு.

1965 செப்டம்பர் 7, விடியற்காலை. ஆதம்பூரிலிருந்து 1வது ஸ்க்வாட்ரனின் மிஸ்டேர் விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கக் கிளம்பின. மிஸ்டேர் பிரெஞ்சுக்காரர்கள் 1950களில் செய்த விமானம். நேராகப் பறந்தால் ஒலியின் வேகத்தைத் தொடாது. ஸ்க்வாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பையா தேவய்யா அன்று மாற்று ஆளாகத்தான் இருந்தார். யாராவது நின்றுபோனால் அந்த இடத்தில் போக வேண்டும். அப்படித்தான் போனார்.

சர்கோதாவில் தாக்குதல் முடிந்து திரும்புகையில் எதிரில் வந்தது ஸ்டார்ஃபைட்டர். அமெரிக்கா செய்தது, ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம், ஏவுகணை, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுடும் ஆறு குழல் பீரங்கி. அன்றைய தேதியில் இந்த உபகண்டத்தில் அதைவிட நவீனமான சண்டை விமானம் பாகிஸ்தானிடம் இல்லை. டிரம்ப் கார்டில் இந்த இரண்டு சீட்டையும் வைத்துப் பாருங்கள். வேகம், உயரம், ஆயுதம், எல்லாக் கட்டத்திலும் மிஸ்டேர் தோற்கும்.

ஸ்டார்ஃபைட்டர் தேவய்யாவின் விமானத்தை அடித்தது. ஆள் முடிந்தான் என்று நினைத்து மற்ற மிஸ்டேர்களைத் தேடிப் போனது. அடிபட்ட விமானத்தோடு தேவய்யா விடவில்லை. தாழ்ந்த உயரத்தில், வளைந்து திரும்பிச் சண்டை போட்டார். ஸ்டார்ஃபைட்டரின் இறக்கை கத்தி மாதிரி மெல்லியது, சின்னது. அம்பு மாதிரி நேராகப் பாய்வதற்குச் செய்தது. சுற்றித் திரும்பச் சொன்னால் திணறும். மிஸ்டேர் அந்த இடத்தில் சமமானது. தேவய்யா சுட்டதில் ஸ்டார்ஃபைட்டர் விழுந்தது. அதன் விமானி அம்ஜத் ஹுசைன் குதித்துப் பிழைத்தார். தேவய்யா திரும்பி வரவில்லை.

அந்தச் சண்டையைப் பார்த்தவர் நம் பக்கம் யாரும் இல்லை. காணாமல் போனவர் என்று மட்டும் கணக்கு. 1979ல் ஜான் ஃப்ரிக்கர் என்ற பிரிட்டிஷ்காரர், பாகிஸ்தான் தரப்புத் தகவலை வைத்து எழுதிய புஸ்தகத்தில்தான் இந்த விஷயம் வெளியே வந்தது. அதற்குப் பிறகும் அதை அலசி, உறுதி செய்து, அவருக்கு மகாவீர் சக்ரா கொடுக்க 1988 ஆயிற்று. 23 வருஷம். அவர் மனைவி அத்தனை வருஷமும் எப்படிக் காத்திருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 2025 ஜனவரியில் இதை ஒட்டி ஒரு ஹிந்திப் படம் வந்தது, 'ஸ்கை ஃபோர்ஸ்' என்று. படத்தில் பாட்டெல்லாம் உண்டு. அதைப் பற்றி என் அபிப்பிராயம் இங்கே வேண்டாம்.

பாங்க் மாமா தேவய்யா கதையைக் கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். "அது விதிவிலக்கு" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பௌதிக நண்பர் விடவில்லை. "விதிவிலக்கு இல்லை சார், அந்த உயரத்தில், அந்த வேகத்தில் விதியே அதுதான்" என்றார். வேகம் என்று சீட்டில் போட்டிருப்பது 11 கிலோமீட்டர் உயரத்தில், சுமை இல்லாமல், நேர்கோட்டில் எடுத்த எண். தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில் யாரும் அந்த வேகத்தில் சண்டை போடுவதில்லை.

இப்போது மிக்-21. இதைப் பற்றிப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

கொலுவுக்கு வந்திருந்தவர்களில் ஒரு மாமி. டி.வி.யில் யாரோ 'பறக்கும் சவப்பெட்டி' என்று சொன்னதும் எழுந்து உள்ளே போய்விட்டார். பின்னால் என் ஆத்துக்காரி சொல்லித்தான் தெரிந்தது, அவருடைய அண்ணா பையன் 90களில் மிக்-21 பயிற்சியில் இருந்தபோது போய்விட்டான். 23 வயசு. மாமி அப்புறம் என்னிடம் கேட்டது இதுதான்: "எல்லாரும் சவப்பெட்டி, சவப்பெட்டின்னு சொல்றாளே, அப்போ எங்க பையன் தெரிஞ்சே அதுல ஏறினானா? எவ்வளவு ஆசையா லெட்டர் போடுவான் தெரியுமோ?"

அன்றைக்கு நான் அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

2012ல் அன்றைய பாதுகாப்பு மந்திரி ஏ.கே. அந்தோணி பாராளுமன்றத்தில் கொடுத்த கணக்கு: 872 மிக் ரக விமானங்களில் 1971-72லிருந்து 482 விபத்தில் போயின. 171 விமானிகள் இறந்தார்கள். தரையில் இருந்த பொதுஜனங்கள் 39 பேர். இது மிக்-21 மட்டுமில்லை, எல்லா மிக் ரகங்களும் சேர்ந்து. எண்ணிக்கை பயங்கரமானதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் அந்த விமானம் எதற்குச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். சோவியத் நாட்டில் 1950களில், உயரத்தில் வரும் எதிரி விமானத்தை ஏறிப்போய் மறிக்க. கொஞ்ச நேரம் பறந்து, அடித்து, இறங்கிவிட வேண்டும். 1971 டிசம்பர் 12ல் கட்ச் வளைகுடா மேல் பி.பி. சோனி மிக்-21ல் ஒரு ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தினார். இரண்டு நாள் கழித்து டாக்காவில் கவர்னர் மாளிகையை ராக்கெட்டால் தாக்கியதும் மிக்-21தான். தன் காலத்தில், தன் வேலையில், அதற்குச் சமமாக அதிகம் இல்லை.

அது இறங்கும் வேகம் மணிக்குச் சுமார் 340 கிலோமீட்டர். நம் பெங்களூரு எக்ஸ்பிரஸ்வேயில் 100ஐத் தாண்டினால் காமிரா அபராதம் போடுகிறது. அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வேகத்தில் தரையைத் தொட வேண்டும். கிரண் போன்ற மெதுவான பயிற்சி விமானத்தில் கற்ற பையன், நடுவில் படி எதுவும் இல்லாமல் இதில் ஏறினான். சைக்கிளிலிருந்து நேரே ரேஸ் கார். நடுவில் ஒரு படி, அதாவது உயர்ரக ஜெட் பயிற்சி விமானம், வேண்டும் என்று 1982லேயே லா ஃபோன்டெய்ன் கமிட்டி சொல்லிவிட்டது. ஹாக் விமானம் வாங்க ஒப்பந்தம் ஆனது 2004 மார்ச்சில். நம் கர்நாடகத்தில் பீதரில் அது சேவைக்கு வந்தது 2008 பிப்ரவரியில். 1982க்கும் 2008க்கும் நடுவில் 26 வருஷம். அந்த 26 வருஷத்தில் எத்தனை கமிட்டி, எத்தனை ஃபைல், எத்தனை விலை பேரம். அந்தப் பையன்களின் விபத்துகளை மொத்தமாக விமானத்தின் கணக்கில் எழுதிவிட்டு, ஃபைல்களின் கணக்கில் பூஜ்யம் போடுவது எந்த ஊர் ஆடிட்டிங் என்று நம் ஆடிட்டர் அங்கத்தினர்கள்தான் சொல்ல வேண்டும். அவன் ஆசையாக ஏறியதில் அர்த்தம் இருந்தது மாமி, என்றேன். அன்றைக்கு நம்மிடம் இருந்ததில் சிறந்த விமானங்களில் அது ஒன்று.

அதே மிக்-21ஐ மேம்படுத்தி பைசன் என்று கடைசி வரை ஓட்டினார்கள். 2018ல் அவனி சதுர்வேதி தனியாகப் பறந்து, சண்டை விமானம் தனியாக ஓட்டிய முதல் இந்தியப் பெண் ஆனது பைசனில். 2019 பிப்ரவரி 27ல் நம் தமிழ்நாட்டுப் பிள்ளை அபிநந்தன் வர்த்தமான் ஓட்டியதும் பைசன். அவர் ஒரு எஃப்-16ஐ வீழ்த்தினார் என்பது நம் விமானப்படையின் கூற்று, பாகிஸ்தான் மறுக்கிறது. எங்கள் கோஷ்டியில் இதற்காக மட்டும் ஒரு வாரம் யாரும் யாரோடும் பேசவில்லை. 1950களில் வடிவமைத்த விமானத்தை 2019ல் அந்த இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது ஏன் என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

அதற்குப் பதில் தேஜஸில் இருக்கிறது. மிக்-21க்கு மாற்றாகத்தான் 1983ல் திட்டம் போட்டார்கள். முதல் பறப்பு 2001 ஜனவரி 4. சேவைக்கு வந்தது 2016 ஜூலை 1. இந்தத் தாமதத்தைச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். ஆனால் உள்ளே நடந்தது சின்ன வேலை இல்லை. கம்பியும் நெம்புகோலும் போய், கம்ப்யூட்டர் வழியாகக் கட்டுப்படுத்தும் விமானம். 1998 அணுசோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை போட்டு உதவியை நிறுத்தியதும், அந்தக் கட்டுப்பாட்டு மென்பொருளை நம்மவர்களே முடித்தார்கள். கோட்டா ஹரிநாராயணா தலைமையில் நடந்த காரியம். உடம்பின் மேல்பரப்பில் பெரும்பகுதி கார்பன் நார்க் கலவை. எங்கள் காலத்து அலுமினியத் தகடும் ரிவெட்டும் பார்த்த கைக்கு அதைத் தொட்டால் பிளாஸ்டிக் வாளி மாதிரி இருக்கும். அப்புறம்தான் மரியாதை வரும்.

சூலூரில் 2020 மே மாதம் தேஜஸைப் பெற்ற ஸ்க்வாட்ரன் எது? செகோனின் 18வது ஸ்க்வாட்ரன். அவர் ஓட்டிய நாட் 4 டன். தேஜஸ் காலியாக நிற்கும்போதே அதைவிட அதிகம். இருந்தாலும் ஸ்க்வாட்ரனில் சேர்கிற இளைஞனுக்கு முதலில் காட்டுவது செகோனின் படத்தைத்தான் என்று ஏர்ஃபோர்ஸ் மாமா அடித்துச் சொல்கிறார்.

என்ஜின்காரன் கண்ணால் பார்த்தால் மாருத்தும் தேஜஸும் ஒரே ஜாதகம். மாருத்துக்கு வேண்டிய என்ஜின் வரவில்லை. தேஜஸுக்காகப் பெங்களூரில் 1989ல் ஆரம்பித்த காவேரி என்ஜின் வேண்டிய சக்தியை எட்டவில்லை. 2008ல் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். தேஜஸ் பறப்பது அமெரிக்க ஜி.இ. என்ஜினில். 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம். அவற்றுக்கான முதல் என்ஜினை அமெரிக்காக்காரன் கொடுத்தது 2025 மார்ச்சில். 2025 செப்டம்பர் 25ல் இன்னும் 97க்கு ஒப்பந்தம். மறுநாள் மிக்-21க்கு விடை. அன்றைக்கு நம் சண்டை ஸ்க்வாட்ரன்கள் 29. இருக்க வேண்டியது 42. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 21ல், துபாய் விமானக் காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமான்ஷ் ஸ்யால் போய்விட்டார். மறுநாள் காலை நடையில் யாரும் விமானம் பற்றிப் பேசவில்லை.

விமானத்தின் உடம்பை வரைய நமக்குக் கர்ட் டாங்க் கிடைத்தார், பிறகு நம்மவர்களே வரையக் கற்றார்கள். 1961லும் சரி, இன்றும் சரி, நெஞ்சுக்குள் வைக்கும் என்ஜினுக்கு வெளியே கை நீட்டுகிறோம். உலோகம், உஷ்ணம், பிளேடு வார்ப்பு, பல ஆயிரம் மணி நேரச் சோதனை. இதில் குறுக்கு வழி கிடையாது. டெஸ்ட் பெட்டில் 36 வருஷம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றவன் சொல்கிறேன். இந்தக் கூட்டத்தில் உலோகவியல் படிக்கிற பேரன் பேத்தி யாராவது இருந்தால், அமெரிக்கா போவதற்கு முன் என்னை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். காபி உண்டு.

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு யோசனை. பெங்களூரு ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டில் எச்.ஏ.எல். மியூசியம் 2001லிருந்து இருக்கிறது. மாருத், மிக்-21, நாட்டின் தம்பியான அஜீத், கிரண் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. என்ஜின்களும் வைத்திருக்கிறார்கள். கிளை சார்பில் ஒரு பஸ் ஏற்பாடு செய்தால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். விளக்கம் சொல்ல நானும் ஏர்ஃபோர்ஸ் மாமாவும் வருகிறோம். பாங்க் மாமாவை வேறு சீட்டில் உட்கார வையுங்கள். புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொடுக்க மகளிர் அணி சம்மதித்தால் தேதியை இன்றே முடிவு செய்துவிடலாம்.